கூரைமேல் ஒரு கொள்முதல்

வெயிலுக்கு விலையில்லை, அதனை மின்சாரமாக மாற்றும் தகடுகளுக்கோ விலை மிகவும் உண்டு. காணியும் வீடும் நீங்கலாக, ஒரு நடுத்தரக் குடும்பம் வாழ்நாளில் ஒரே முறையாகக் கொடுக்கும் பெருந்தொகை இதுவாகவே இருத்தல் கூடும்.

2016ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இலங்கை அரசாங்கம் 'சூரிய பல சங்கிராமய' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் மூவகை ஏற்பாடுகளுள் ஒன்றின்படி, வீட்டார் பயன்படுத்தியது போக எஞ்சும் ஒவ்வோர் அலகு மின்சாரத்துக்கும் முதல் 7 ஆண்டுகளுக்கு 22 ரூபாவும், அடுத்த 13 ஆண்டுகளுக்கு 15 ரூபா 50 சதமும் வழங்கப்படும் என விதிக்கப்பட்டது. பின்னர் இணைந்தோருக்கு இவ்விகிதங்கள் மாறின.

இனி, ஓய்வூதியம் பெறும் ஒருவரின் வீட்டு விறாந்தையில் விற்பனையாளர் அமர்ந்து, ஒரு தாளில் கணக்கெழுதிக் காட்டுகிறார் என்று கொள்வோம். 22 ரூபாவை இருபது ஆண்டுகளுக்கும் அப்படியே பெருக்குகிறார். எட்டாம் ஆண்டில் ஆறரை ரூபா குறையும் என்பதைச் சொல்லவில்லை. முற்றத்துத் தென்னையின் நிழல் தகட்டில் விழுந்தால் விளைச்சல் குறையும் என்பதையும் சொல்லவில்லை. அவர் வாயாற் பொய் கூறினார் என்று சொல்ல முடியாது. ஆனாற் கேட்டவர் ஏமாந்தது மெய்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இதற்கு இடந்தரவில்லை. வணிகர் ஒருவர் பொய்யுரைப்பது மட்டுமன்றி, தவறான எண்ணத்தை உண்டாக்கும் வகையில் நடந்துகொள்வதும் அச்சட்டத்தின்படி குற்றமாகும். செய்து கொடுக்கும் வேலை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்படல் வேண்டும் என்பதும், கேட்டபோது பற்றுச்சீட்டு வழங்கவேண்டும் என்பதும் அதிலுள்ளன.

ஆனால் ஒரு முட்டுப்பாடு உண்டு. அதிகாரசபைக்கு முறைப்பாட்டை எழுத்தில் அனுப்புதற்குச் சட்டம் வகுத்த காலம், விற்பனையிலிருந்து மூன்று மாதம். அரிசிக்கும் ஆடைக்கும் அது போதும். இருபது ஆண்டுக் கணக்கை நம்பி வாங்கிய பொருளின் குறை மூன்று மாதத்துள் வெளிப்பட்டுவிடுமா?  அதன்பின் வாங்கியவருக்கு எஞ்சுவன உத்தரவாதப் பத்திரமும் நீதிமன்றமுமே.

ஐக்கிய அமெரிக்காவில், விற்பனையாளர் வீடு தேடி வந்து விற்ற பொருளை மூன்று வேலை நாள்களுக்குள் வேண்டாமென்று மறுக்கும் உரிமை 1974 முதல் உண்டு. கலிபோர்னியா மாநிலம் மேலும் ஒரு படி சென்றுள்ளது. மொத்த விலையையும், ஒப்பந்தத்தை மறுக்கும் உரிமையையும் கூறும் பத்திரமொன்று, சூரிய மின்சார ஒப்பந்தத்தின் முகப்பிலேயே இருத்தல் வேண்டும். விற்பனையாளர் எம்மொழியிற் பேசி விற்றாரோ அம்மொழியிலேயே அது எழுதப்படவும் வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்விரு ஏற்பாடுகளும் இல்லை. தமிழிற் பேசி விற்று, ஆங்கிலத்திற் கையொப்பம் வாங்குவதைத் தடுப்பதற்கு அதில் வழியில்லை.

ஆகவே, இங்கு வாங்குவோர் அந்த மூன்று நாளைக் கையொப்பத்துக்கு முன்னரே தாமாக எடுத்துக்கொள்ளலாம். விற்பனையாளர் கணக்கெழுதிய தாளையே திகதியிட்டு, அவர் கையொப்பத்துடன் கேட்டு வாங்கலாம். மெய்யான கணக்கைச் சொன்னவர் அதற்குத் தயங்கமாட்டார். ஒப்பந்தத்தை மொழி தெரிந்த ஒருவரைக்கொண்டு வாசிப்பித்தல் நன்று. உத்தரவாதம் ஒன்றல்ல என்பதையும் அறிதல் வேண்டும். தகட்டின் ஆற்றலுக்கு 25 ஆண்டு என்று பெரிய எழுத்தில் இருக்கும். தகட்டிலிருந்து வரும் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கேற்ப மாற்றும் இன்வேட்டருக்கோ, 5 அல்லது 10 ஆண்டே இருத்தல் பெரும்பான்மை. அதுவே முதலிற் பழுதாகும் கருவி. கடல்கடந்த உற்பத்தியாளர் தரும் உத்தரவாதத்தை, இங்குள்ள நிறுவனம் மூடப்பட்டால் யார் நிறைவேற்றுவர் என்பதும் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

வங்கிக் கடன் வேறு. கருவி நின்றாலும் தவணை நிற்பதில்லை.