கோர்ட்டு யாருக்காக?

(ராயபுரம் பனியன் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கோர்ட்டுகளைப் பற்றிப் பேசும்படி நமக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். நாம் வக்கீலுக்குப் படித்தவர்கள் அல்ல. ஆனால் வக்கீலுக்குப் படிக்காத கோடிக்கணக்கான ஜனங்களின் வரிப்பணத்தில்தான் கோர்ட்டு நடக்கிறபடியால், அதைப் பற்றிக் கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

மனுதர்மம் ஒரே குற்றத்திற்கு ஜாதிக்கொரு தண்டனை விதித்தது. மற்றவனுக்குத் தலை போகும் குற்றத்திற்குப் பார்ப்பானுக்குத் தலைமயிர் போனால் போதும் என்றது. இன்று சட்டத்தின் முன் எல்லோரும் ஒன்று. இது சாமானிய லாபமல்ல. ஆனால் கோர்ட்டு வாசலை மிதிப்பதற்கே நம் ஜனங்கள் பயப்படுகிறார்களே, அது ஏன்?

அமைப்பு ஒன்றும் பரம ரகசியமல்ல. சொத்து, கடன் வழக்கானால் முன்சீப் கோர்ட்டு, அதன்மேல் சப் கோர்ட்டு. அடிதடி, திருட்டானால் மாஜிஸ்திரேட் கோர்ட்டு. இவற்றுக்கு மேல் ஜில்லா, செஷன்ஸ் கோர்ட்டு. எல்லாவற்றுக்கும் மேலே 1862ல் ஏற்பட்ட சென்னை ஐக்கோர்ட்டு. 2004ல் மதுரையில் அதற்கு ஒரு கிளை வைத்தார்கள். ஆனால் திருப்பூர் அதில் சேரவில்லை. நாம் சுமார் 450 கிலோ மீட்டர் தள்ளிச் சென்னைக்கே போகவேண்டும்.

தூரத்தையாவது ரயிலேறிக் கடந்துவிடலாம். பாஷையை எப்படிக் கடப்பது? 1976ல் திருத்திய ஆட்சிமொழிச் சட்டப்படி கீழ்க் கோர்ட்டுகளில் தமிழுக்கு இடமுண்டு. ஐக்கோர்ட்டில் இங்கிலீஷ்தான். கவர்னர், ஜனாதிபதியின் சம்மதத்தோடு வேறு பாஷையை அனுமதிக்கலாம் என்று அரசியல் சட்டம் 348வது பிரிவு சொல்லுகிறது. ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஐக்கோர்ட்டுகளில் இந்திக்கு அப்படி அனுமதி கிடைத்தது. 2006ல் நம் சட்டசபை தமிழுக்குக் கேட்டுத் தீர்மானம் போட்டபோது, சுப்ரீம் கோர்ட்டு சம்மதிக்கவில்லை என்று மத்திய சர்க்கார் கையை விரித்துவிட்டது. இந்திக்கு ஒரு நியாயம், தமிழுக்கு ஒரு நியாயமா?

புரியாத மந்திரத்தைப் புரோகிதன் சொல்ல, தட்சணை கொடுத்துவிட்டுக் கும்பிட்டு நிற்பதைத்தானே நாம் இத்தனை காலமாய்க் கண்டித்து வருகிறோம்? தன் வழக்கில் என்ன பேசினார்கள் என்று தெரியாமல் பீசு கொடுத்துவிட்டு வராந்தாவில் நிற்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

நொய்யல் வழக்கையே பாருங்கள். சாயக் கழிவு வயலைக் கெடுத்ததென்று விவசாயிகள் 2003ல் ஐக்கோர்ட்டுக்குப் போனார்கள். 28-1-2011ல் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவாயிற்று. விவசாயிகள் பக்கம் நியாயம் இருந்தது. தீர்ப்பை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்த உத்தரவினால் வேலையிழந்த பட்டறைத் தொழிலாளியும், எட்டு வருஷம் காத்திருந்த விவசாயியும் தங்கள் தலையெழுத்தைத் தாங்களே படிக்க முடிந்ததா? இங்கிலீஷ் தெரிந்தவன் சொல்லித்தானே இருவருக்கும் தெரிந்தது!

நிற்க, பணமில்லையே என்பீர்கள். 1987ம் வருஷத்துச் சட்டப் பணிகள் சட்டம் 12வது பிரிவு, தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவச வக்கீல் உண்டென்கிறது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், காவலில் இருப்போருக்கும் அப்படியே. இவர்களுக்கு வருமானக் கணக்குக் கிடையாது. வழக்கில் முகாந்திரம் இருந்தால் போதும். கோர்ட்டுக் கட்டணமும் அதில் சேர்ந்ததே. பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கேஸ் ஜெயிக்க எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கிக் கோவிலுக்குப் போகத் தெரிகிறது! அந்தச் சாமிக்கே வழக்கு வந்தால் அதுவும் வக்கீல் வைத்துத்தான் பேசவேண்டியிருக்கிறது.

மற்றொன்று. சாட்சிக் கூண்டில் கடவுள்மேல் சத்தியம் செய்தாக வேண்டும் என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். 1969ம் வருஷத்துச் சட்டப்படி, மனமார உறுதி கூறி உண்மை சொல்லலாம். அதற்கும் மதிப்பு அதேதான்.

இலவச உதவிக்கு ஜில்லா கோர்ட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், தாலுகாவில் அதன் கமிட்டியும் இருக்கின்றன. தமிழிலேயே மனு எழுதலாம். போகமுடியாதவர்கள் 15100 என்ற நெம்பருக்குக் கூப்பிடலாம், காசில்லை. கூட்டம் முடிந்ததும் மனு எழுத உதவி வேண்டுகிறவர்கள் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். நாம் எழுதித் தருகிறோம்.