யாழைக் கணித்தவர்



இந்த லூபோக் சீனாவில் சிலப்பதிகாரம் பயிலும் பிள்ளைகளிடம் யாழுக்குப் பொருள் கேட்டால், வீணை என்று விடை வருவதுண்டு. அதை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. வீணையில் ஒரே தந்தியை வெவ்வேறு மெட்டுகளில் அழுத்திப் பல சுரங்களை எழுப்புகிறோம். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரமே. பேரியாழுக்கு 21, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 நரம்புகள் என்கிறார் அடியார்க்கு நல்லார். இத்தனை தெளிவாகச் சொல்லப்பட்ட கருவி நம் கையில் இல்லை.

ஐரோப்பியர் நிலை வேறு. நிக்கோலாஸ் ஆர்னன்கோர்ட் என்னும் இசைக்குழு நடத்துநர் 1953இல் வியன்னாவில் ஒரு குழுவை நிறுவி, பாக் முதலியோரின் இசையை அவரவர் காலத்துக் கருவிகளிலேயே இசைக்க முனைந்தார். உலோகக் கம்பியை நீக்கி விலங்கின் குடலில் திரித்த நரம்பைப் பூட்டினார். (நம் முன்னோர் 'நரம்பு' என்றதும் வெறும் உவமை அன்று.) அவருக்குப் பழங்கருவிகள் கிடைத்தன, எழுதிவைத்த சுரத்தாள்களும் இருந்தன.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளுக்கு இவ்விரண்டும் இல்லை. அரங்கேற்று காதையும் அதன் உரைகளுமே அவருக்குக் கருவிக்கூடம். அவர் இலண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டதாரி என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவை எண்ணாக்கி, நரம்பின் நீளத்தைக் கணக்கிட்டு, பாலைகள் திரியும் முறையை அவர் வகுத்தார். பல்லாண்டு உழைப்பில் விளைந்த யாழ்நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் துணையோடு 1947 சூன் 5, 6 நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அவர் கணித்தபடி செய்த யாழும் அங்கே இசைத்தது. சூலை 19இல் அடிகள் மறைந்தார்.

அன்று ஒலித்தது மாதவியின் யாழொலிதானா? அப்படிச் சொல்ல எவராலும் இயலாது. அது கணக்கின்வழிப் பெற்ற கருதுகோள். இதை மறைத்துப் பெருமை மட்டும் பேசினால், அடிகளின் அறிவியல் நேர்மைக்கே நாம் மாறுசெய்தவராவோம். பர்மாவில் வில்லாய் வளைந்த சவுங் யாழ் இன்றும் இசைக்கப்படுகிறது. அதை மாணவர்க்குக் கேட்பியுங்கள். பின்பு ஒரு பலகையில் ஒரே பருமனும் ஒரே இழுவிசையும் உடைய இரு கம்பிகளைக் கட்டுங்கள். ஒன்று 60 செண்டிமீட்டர், மற்றது 40. முதலாவது குரல் என்றால் இரண்டாவது இளி. பிள்ளைகளே மீட்டிப் பார்க்கட்டும்.