பொன்முடிக்கு ஒரு கேரவன், அகத்தியர் மலைக்கு ஒரு வீடு

திருவனந்தபுரம் என்றால் பத்மநாபசுவாமி கோயிலும் கோவளமும் நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு நாம் நேரே கிழக்கே திரும்பிவிடுவோம். நெடுமங்காடு, விதுரை, கல்லார், அப்புறம் பொன்முடி. இன்றைக்கு அந்தப் பக்கம்தான்.

இந்தப் பேச்சு கிளம்பியதே எங்கள் அத்தானால்தான். அக்காவைக் கட்டிக்கொண்டு திருவனந்தபுரம் கரமனையில் குடியிருக்கிறவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மனிதருக்குக் கேரவன் ஆசை வந்துவிட்டது. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்குமே, சினிமா ஷூட்டிங்கில் நடிகர்களுக்காக நிறுத்தி வைத்திருப்பார்களே, அந்த வண்டி. 2021-இல் கேரள அரசு இதற்கென்றே 'கேரவன் கேரளா' என்று ஒரு சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. வண்டியை நிறுத்துவதற்கு, தண்ணீர் பிடிப்பதற்கு, கரண்ட் எடுப்பதற்கு, கழிவுத் தொட்டியைக் காலி செய்வதற்கு என்று அங்கங்கே கேரவன் பார்க் வர வேண்டும் என்பது யோசனை. முதல் பார்க் 2022-இல் வாகமண்ணில் திறந்தார்கள். ஆனால் வாகமண் இருப்பது இடுக்கி மாவட்டத்தில். அத்தானுக்குப் பொன்முடிதான் வேண்டும்.

"அத்தான், மூணாற்றுக்குப் போங்களேன், கொஞ்சம் காசில் காரியம் முடியும்" என்றேன். கேலியில்லை. 2020-இல் கேரள அரசு போக்குவரத்துக் கழகம் ஒரு பழைய பஸ்ஸில் பதினாறு படுக்கை அடித்து, மூணாறு டெப்போவில் நிறுத்தி, ஒரு ராத்திரிக்கு நூறு ரூபாய் என்று விட்டார்கள். நல்ல வரவேற்பு. ஓடாத பஸ்ஸில் படுக்க மனுஷன் போவானா என்று அத்தானுக்குக் கோபம்.

சரி, பொன்முடியே ஆகட்டும். கல்லாரைத் தாண்டினால் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை உண்டு. பின் சீட்டில் பிள்ளைகள் சத்தமாக எண்ணிக்கொண்டே வருவார்கள், பதினைந்துக்கு மேல் சத்தம் குறைந்துவிடும், ஏன் என்று உங்களுக்கே தெரியும். அந்த வளைவில் எதிரே ஒரு பஸ் வந்தால் நம் கேரவன் எங்கே ஒதுங்கும்? ஒதுங்கினாலும் ராத்திரி அங்கே தங்க முடியாது. மேலே அறை எடுத்தவர்களைத் தவிர மற்றவர்களைச் சாயங்காலத்திலேயே செக்போஸ்ட்டுக்காரர்கள் கீழே இறக்கிவிடுவார்கள். பக்கத்தில் பேப்பாறையும் நெய்யாறும் வனவிலங்கு சரணாலயங்கள். காட்டுக்குள்ளே வண்டியை நிறுத்திச் சோறு பொங்க அங்கே யார் விடுவார்கள்?

ஆகவே திட்டம் இப்படி மாறியது: வண்டி விதுரைப் பக்கம் யாராவது தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் நிற்கட்டும், மேலே ஜீப்பில் போய் வரலாம். சாப்பாட்டுக்கு அக்கா போளி கட்டித் தருவாள். திருவனந்தபுரத்துப் போளியை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களோ? நம் ஊர்ப் போளிதான், ஆனால் மஞ்சள் மஞ்சளென்று, கைக்குட்டை மாதிரி மெலிசாக மடியும். இலையில் அதைப் போட்டு மேலே பால் பாயசத்தை ஊற்றிவிடுவார்கள். ஓரத்திலிருந்து ஊறிக்கொண்டு வரும்போது கையால் பிசைந்து எடுக்க வேண்டும். ஸ்பூன் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

போளியை நினைத்தால் பேச்சு எங்கேயோ போய்விடுகிறது. நான் சொல்ல வந்தது வேறு. இந்த மலைப் பக்கம் வீடு கட்டித் தங்கப் பார்த்த ஒரு ஆள் நூற்றெழுபது வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்.

பேர் ஜான் ஆலன் பிரவுன். ஸ்காட்லாந்துக்காரர். திருவனந்தபுரத்தில் பாளையத்துக்குப் பக்கத்தில் அப்சர்வேட்டரி ஹில்ஸ் என்று ஒரு மேடு இருக்கிறதல்லவா, அங்கே சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் தொடங்கிய வானாய்வுக்கூடம் இன்றும் இருக்கிறது, இப்போது கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில். அதை நடத்த 1852-இல் வந்து சேர்ந்தவர் இந்தப் பிரவுன். வானத்தைவிட அவருக்குக் காந்த ஊசியில்தான் மோகம். நூலில் தொங்கும் காந்த ஊசி சும்மா நிற்பதில்லை. சூரியன் ஏறி இறங்க அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இப்படியும் அப்படியும் நகரும். திருவனந்தபுரம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே அதைப் பார்ப்பது விசேஷம். இதே காரணத்துக்காகத்தான், 1963-இல் நம் மண்ணிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டை விட, விக்ரம் சாராபாய் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்.

கடல் மட்டத்தில் ஆடும் ஊசி மலை உச்சியிலும் அப்படியே ஆடுமா? பிரவுனுக்கு இதுதான் கேள்வி. உடனே பார்வை அகத்தியர் மலைமேல் விழுந்தது. 1868 மீட்டர். நம் பொதிகை மலைதான், நேயர்களே. அந்தப் பக்கம் பாபநாசமும் தாமிரபரணியும், இந்தப் பக்கம் நெய்யாறும் கரமனையாறும். உத்திரம் திருநாள் மகாராஜாவின் காலத்தில், 1855-இல், அந்த உச்சியில் ஒரு ஆய்வுக்கூடம் கட்டிவிட்டார். ரோடு கிடையாது. யானையும் புலியும் திரிகிற காடு. இந்தக் கருவிகளுக்கு ஒரு சங்கடமும் உண்டு: பக்கத்தில் இரும்பு இருந்தால் ஊசி பொய் சொல்லும். ஒரு ஆணி அடிக்கக்கூட யோசிக்க வேண்டும். மரமும் கருவியும் அரிசியும் ஆள் தலையில்தான் ஏறியிருக்கும். மேலே காற்றும் குளிரும். அங்கே உட்கார்ந்து மணிக்கு மணி ஊசியைப் பார்த்து எழுதிய நம் ஊர் உதவியாளர்களை நினைத்துப் பாருங்கள்! திருவனந்தபுரத்திலும் அகத்தியர் மலையிலும் எடுத்த அளவுகளைச் சேர்த்துப் பிரவுன் 1874-இல் ஒரு பெரிய புத்தகமாகவே போட்டார். இங்கே மியூசியம் தொடங்கியதிலும் அவர் கை உண்டு. ஆனாலும் மியூசியத்துக்குப் போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

இதை அத்தானிடம் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது கேரவன் போய், அந்த அகத்தியர் மலையில் ஏற வேண்டும் என்கிறார்! வருஷத்தில் ஜனவரி, பிப்ரவரியில்தான் பெரும்பாலும் திறப்பார்கள். வனத்துறையிடம் முன்பதிவு வேண்டும், எண்ணி எடுத்த ஆட்களுக்குத்தான் அனுமதி. போணக்காடு வரை வண்டி, அதற்கப்புறம் நடை. முதல் ராத்திரி அதிருமலை முகாம், மறுநாள் உச்சி. பெண்களும் போகலாம், உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கப்புறம் 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் ஏறிக் காட்டினார். அக்கா அதை உடனே பிடித்துக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு ஒன்று: நைலான் கூடாரத்தைவிட மூக்குப்பொடி முக்கியம். அட்டை கடித்தால் பிடுங்காதீர்கள், கொஞ்சம் தூவினால் தானே விழுந்துவிடும். தம்பானூரிலிருந்து விதுரைக்கும் போணக்காட்டுக்கும் பஸ் உண்டு. கேரவன் வாடகை கேட்டுவிட்டு வந்த அத்தான் இப்போது பஸ் நேரம் விசாரித்துக்கொண்டிருக்கிறார், அக்கா போளிக்குக் கடலைப்பருப்பு ஊறப்போடத் தேதி கேட்கிறாள், முன்பதிவு இன்னும் யாரும் செய்தபாடில்லை.