வலிப்பு மாத்திரையும் மனச்சோர்வும்

வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர், வாழவே பிடிக்கவில்லை என்று பேசத் தொடங்கினால், அதற்குக் காரணம் நோயா, மாத்திரையா? மருத்துவ ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக விடை தேடிவரும் கேள்வி இது.

2008 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 11 வலிப்பு மருந்துகளைப் பற்றிய 199 ஆய்வுகளை அது ஒன்றுசேர்த்து அலசியிருந்தது. அவற்றில் கலந்துகொண்டவர்கள் ஏறத்தாழ 44,000 பேர். சிலருக்கு மருந்து தரப்பட்டது; மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 4 பேரிடமும், மற்றவர்களில் சுமார் 2 பேரிடமும் காணப்பட்டது. இரண்டு மடங்கு என்று கேட்டால் பதற்றம் வரும். ஆயிரம் பேரில் கூடுதலாக 2 பேர் என்று பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும்.

நோயின் பங்கையும் மறந்துவிடக் கூடாது. வலிப்பு உள்ளவர்களிடம் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 3 மடங்கு என்று டென்மார்க்கில் நடந்த பெரிய ஆய்வொன்று 2007இல் காட்டியது. நோய் கண்டறியப்பட்ட முதல் ஆறு மாதங்களில் அது இன்னும் அதிகம். பிரிட்டனில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, வலிப்பு உள்ளவர்களுக்கு இம்மருந்துகளால் ஆபத்து கூடவில்லை என்றது. ஆனால் மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடம் அது கூடியிருந்தது. புதிய மருந்துகள் ஐந்தைப் பற்றி 2021இல் வந்த ஆய்விலும் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை.

ஆனாலும் எல்லா மருந்தும் ஒரே மாதிரி அல்ல. லெவிடிராசிட்டம் என்ற மருந்தைச் சாப்பிடும் சிலருக்கு எரிச்சலும் கோபமும் வருவது மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். அப்படிப்பட்டவர்களுக்கு மருந்தை மாற்றிக் கொடுக்க வழி உண்டு.

பயந்துபோய் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிரையே பறிக்கக்கூடும்.

ஆகவே, வீட்டில் இருப்பவர்களே, மருந்து தொடங்கும்போதும் மாற்றும்போதும் நோயாளியின் தூக்கத்தையும் பேச்சையும் கவனியுங்கள். மனம் எப்படி இருக்கிறது என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் தவறான எண்ணம் வந்துவிடாது. மாற்றம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கும். மாத்திரையை நிறுத்தாதீர்கள், மனத்தில் இருப்பதை மறைக்காதீர்கள்.