சுவையும் சோதனையும்



பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ண இயலுமா? இயலும் என்று செய்யுளில் வழி சொல்கிறது காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்'. காம்பருகே உள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைத்தொகை வருமாம். முள் 50 என்றால் சுளை 60. இதைக் கேட்டதும் அவை சிரிக்கும், வியக்கும். கைதட்டலோடு நின்றுவிட்டால் அது வெறும் வேடிக்கை. பத்துப் பழங்களை அறுத்து எண்ணிப் பார்க்கும் ஆவலைத் தூண்டினால்தான் அறிவியல் உரை. ஏட்டு விதி பழத்தின்முன் பொய்த்தாலும் தமிழுக்கு இழுக்கில்லை. சோதிக்க அஞ்சினால்தான் இழுக்கு.

இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் மைக்கேல் ஃபாரடே, ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றியே இளையோர்க்கு ஆறு உரைகள் ஆற்றினார். எரியும் சுடரின்மேல் குளிர்ந்த கலத்தைப் பிடித்து, அதில் நீர்த்துளி படிவதைக் காட்டினார். மெழுகிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு கூடி நீரானது. நெருப்பில் நீர் பிறப்பது கவிஞரின் கற்பனை போன்றது. அதை அவையோர் நேரில் கண்டனர்.

தாமிரவருணிப் பகுதிக்கும் இப்பணியில் பங்குண்டு. பெருங்குளத்தில் 1891-இல் பிறந்த வழக்கறிஞர் பெ. நா. அப்புசாமி, சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்; 1917 முதல் எளிய தமிழில் அறிவியல் எழுதியவர். அவர் 1986-இல் மறைந்தார். மறு ஆண்டே கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் தொடங்கப்பெற்றது.

அங்கே கருவிகள் உள்ளன. பாளையங்கோட்டை மேடைகளில் சொல்வன்மை உள்ளது. இரண்டுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. கவியரங்கிற்கு மாலைகள் பல ஒதுக்கும் இலக்கிய வட்டங்கள், ஒரு மாலை பலாப்பழத்தையும் மெழுகுவர்த்தியையும் மேடையேற்றட்டும்.