தாதியர் பஞ்சமும் படுவான்கரையும்

(இந்து இளைஞர் மன்ற ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாட்டின் சுகாதாரக் கொள்கை என்றதும், அது கொழும்பிலே பேசித் தீர்க்கும் காரியம், கரடியனாற்றில் இருக்கும் எமக்கு அதில் என்ன அலுவல் என்று எண்ணுவோர் எம்மிடையே உண்டு. எமக்கு அதில் அலுவல் நிரம்ப உண்டு என்பதைச் சொல்லவே இன்று எழுந்தோம்.

வயல் வரம்பில் ஒருவரைக் கண்ணாடிப் புடையன் தீண்டிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியிலே சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையாவிடில் விஷம் இரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்பது பொருள். விஷமுறிவு மருந்து ஏற்றவேண்டும். எமது நாட்டில் நெடுங்காலமாக ஏற்றிவருவது இந்தியப் பாம்புகளின் விஷத்தைக்கொண்டு இந்தியாவிலே தயாரித்த மருந்து. அது உயிர் காப்பது உண்மை. ஆயினும் பலருக்கு அது ஒவ்வாது. உடம்பு தடிக்கும், மூச்சு முட்டும், இரத்த அழுத்தம் சடுதியாக விழுந்துவிடும். ஆதலால் மருந்து ஏறும் நேரமெல்லாம் ஒருவர் கட்டிலருகே நின்று நாடியையும் மூச்சையும் கவனித்துக்கொண்டேயிருக்க வேண்டும். டாக்டர் கட்டளையிட்டுவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விடுவார். நிற்பவர் தாதி. இராக் கடமைக்கு ஒரே தாதி, பார்க்கவேண்டியதோ வாட்டு முழுவதும் என்றால், அந்தக் கட்டிலருகே நிற்பது யார்? மருந்தும் இருந்து, டாக்டரும் இருந்து, மனிதன் போய்விடக்கூடும். தாதியர் பஞ்சம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆளை அனுப்பினால் உயிர் தப்பும் என்பது இந்நாட்டுக்குப் புதிய பாடமன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிற்று. 1930களில் இலட்சம் பிரசவங்களுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். பின்னர் அத்தொகை படிப்படியாக முப்பது அளவுக்கு இறங்கிற்று. அதற்குப் பல காரணங்கள் உண்டெனினும், வீடு வீடாக நடந்துசென்ற மருத்துவமாதரின் காலடி அவற்றுள் முதன்மையானது என்போம்.

அப்படிப்பட்ட நாட்டில் இன்று ஏன் பஞ்சம்? 2022இல் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிற்று. சம்பளம் மாறவில்லை, அதன் பெறுமதி பாதியாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசாங்கமே தன் ஊழியர்கள் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற லீவிலே வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை விட்டது. தாதியரும் போனார்கள். போனவர்களை ஏசுவது எமக்கு அழகன்று. அவர்களுக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு. உலகம் முழுவதிலும் 2023இல் 58 இலட்சம் தாதியர் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பணக்கார நாடுகள் வலைவீசத்தான் செய்யும். வறிய நாடுகளின் ஆட்களை வாரிக்கொள்ளாதீர் என்று 2010இல் அந்நிறுவனம் வகுத்த நெறிமுறை கட்டாயச் சட்டமன்று, நல்லெண்ணத்தின் மேல் நிற்பது.

குறைந்த கூட்டத்தில் யார் எங்கே வேலை பார்ப்பது என்ற கேள்வி வரும்போது, வாவிக்கு அப்பாலுள்ள ஊர்கள்தாம் கடைசியில் நிற்கும். தூர ஊரிலிருந்து நியமனம் பெற்று வருபவர் இடமாற்றம் கேட்பது இயல்பு. யானைக்குப் பயந்து இருட்டுமுன் வீடு சேரும் ஊரிலே, இராக் கடமைக்கு வா என்று யாரை வற்புறுத்தலாம்? ஊரிற் பிறந்தவருக்கே ஊரில் நிலைக்கும் எண்ணம் கூடுதலாக இருக்கும். ஆகவே எமது பிள்ளைகளே தாதியராக வேண்டும்.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. தாதியர் பயிற்சிக்கு நெடுங்காலமாக அரசாங்கம் கேட்டுவந்தது உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுச் சித்தியை. படுவான்கரையில் அந்த வகுப்புகள் உள்ள பாடசாலைகள் மிகச் சில. 2007இல் இப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்து அகதி முகாம்களில் இருந்தபோது படிப்பு முறிந்த பிள்ளைகள் இன்று தாய் தகப்பனாகிவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகளும் கலைப்பிரிவுதான் கதி என்று இருந்தால், இங்குள்ள ஆஸ்பத்திரிக்கு வெளியூரைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எம்மைக் கேட்டால் தாதியர் பஞ்சத்துக்கு முதல் மருந்து இரசாயன ஆசிரியர் என்போம். விபுலானந்த அடிகளும் துறவு பூணுமுன் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர் என்பதைப் பெரியோர் அறிவார்கள்.

மட்டக்களப்பிலேயே தாதியர் பயிற்சிக் கல்லூரி உண்டு. மூன்றாண்டுப் பயிற்சி, பயிலும் காலத்திற் படிக்காசும் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியற் பட்டமும் படிக்கலாம். ஆண்பிள்ளைகளும் சேரலாம். ஆனால், “பிறத்தியாரின் மலசலம் எடுக்கவோ பிள்ளையைப் பெற்றோம்?” என்று கேட்கும் வாய் இன்னும் சில வீடுகளில் உண்டு. அதே வாய், தான் பாயில் விழுந்தால், “மிஸி, மிஸி” என்றுதான் கூப்பிடும்.

மன்றத்திடம் நாம் கேட்பது இரண்டே காரியங்கள். வார இறுதியில் இரசாயனமும் உயிரியலும் சொல்லிக்கொடுக்கச் செங்கலடியிலிருந்தாவது ஓர் ஆசிரியரை வருவித்து, அவருடைய பஸ் செலவை மன்றம் ஏற்கவேண்டும். சாதாரணதரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகச் சித்தியடைந்த பிள்ளைகளின் பெயரைத் திரட்டி, அவர்தம் வீடுகளுக்குப் போய்ப் பேசவேண்டும். போகும்போது பெரியோர் இருவராவது கூட வாருங்கள். இளைஞர் மாத்திரம் போனால் தகப்பன்மார் படலையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.