ஆங்கிலப் பாடமும் பாடக்குறிப்பும்



மாத்தளைக் கடைவீதியில் தமிழும் சிங்களமும் அருகருகே ஒலிக்கின்றன. ஆங்கிலமோ 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தால் நாட்டின் இணைப்பு மொழியாயிற்று. நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சிங்களத்தைக் கடைத்தெருவிலேயே கற்றுக்கொள்கின்றனர். ஆங்கிலத்தையோ பல ஆண்டுகள் படித்தும் வாய்திறக்கத் தயங்குகின்றனர். இது பிள்ளைகளின் மந்தமன்று. கற்பிக்கும் முறையின் குறை என்பதே நம் துணிபு.

"நான் கடைக்குப் போகிறேன்" என்பதைச் சிங்களத்தில் "மம கடேட்ட யனவா" என்பர். சொல்லுக்குச் சொல் ஒரே வரிசை. வினை இரண்டிலும் இறுதியிலே நிற்கிறது. ஆங்கிலத்திலோ, "ஐ ஆம் கோயிங் டு த ஷொப்" என வினை நடுவே புகுகிறது. நம் "கு" உருபின் பொருளைத் தரும் சொல் பெயருக்கு முன்னே வருகிறது. ஆகவே, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கும் பழக்கம் சிங்களத்துக்கு ஓரளவு துணையாகலாம், ஆங்கிலத்துக்குத் தடையேயாகும். முழு வாக்கியத்தையும் காதால் கேட்டு, வாயால் பழகுதலே தக்க வழி.

இதற்கு நாற்பது நிமிடப் பாடமொன்றை எவ்வாறு வகுக்கலாம்? பாடத்துக்கு ஒரே ஒரு வாக்கிய அமைப்பு. புதுச் சொற்கள் ஐந்தாறு போதும். முதல் ஐந்து நிமிடம் பழைய பாடத்தை மீட்டல். அடுத்த பத்து நிமிடம் ஆசிரியர் புத்தகத்தை மேசையின்மேலும் கீழும் உள்ளும் வைத்துக் காட்டிச் சொல்லப் பிள்ளைகள் கேட்டல். பின்னர்ப் பதினைந்து நிமிடம் இருவர் இருவராக வினாவி விடையிறுத்தல். அதன் பின்பே கரும்பலகையும் எழுத்தும். இலக்கண விதியைப் பழகிய வாக்கியங்களிலிருந்து பிள்ளைகளே கண்டுகொள்ளட்டும்.

சொற்களையும் தேர்ந்தே கொடுத்தல் வேண்டும். டாக்காவில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் என்பார், முதலில் அறியவேண்டிய ஏறக்குறைய 2,000 சொற்களைத் தொகுத்து 1953இல் வெளியிட்டார். அருஞ்சொற்களை மனனஞ் செய்யுமுன் அன்றாடச் சொற்கள் நாவிற் படியவேண்டும் என்பதே அத்தொகுப்பின் பயன்.

அன்பர்களே! வசதியுள்ள பிள்ளை பணங் கொடுத்துத் தனி வகுப்புக்குப் போகும். கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைக்கு யார் துணை? ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நம் சங்க மண்டபத்தில் பேச்சாங்கில வகுப்பு நடத்தலாம். பெரியோர் இடமும் ஆதரவும் தாருங்கள். கற்பிக்கும் பொறுப்பை வாலிபராகிய நாம் ஏற்போம். ஒன்றை மட்டும் மறவோம்: அவ்வகுப்பில் ஆசிரியரின் குரலைவிடப் பிள்ளைகளின் குரலே மிகுதியாகக் கேட்கவேண்டும்.